மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள்

ஒருவரை உடல் நலமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் நாளில் ஊரே திரண்டு நிற்கிறது. 108 வண்டியை அழைப்பவர் ஒருவர். வண்டியில் உடன் ஏறிச் செல்பவர் ஒருவர். கைச் செலவுக்கு வீடு வீடாகப் பணம் திரட்டுபவர் ஒருவர். அதே நோயாளி பத்து நாள் கழித்து வீடு திரும்பும்பொழுது அவருடன் இருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தாம். அவர் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதில் மாத்திரைப் பொட்டலங்களும், நான்காக மடித்த சில காகிதங்களும் இருக்கும். வீட்டை அடைந்ததும் மாத்திரைகள் மாடத்திற்குப் போகும். காகிதங்கள் எங்கே போகும் என்று சொல்வதற்கில்லை.

மருத்துவமனையில் சேர்ப்பது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அங்கிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டு வருவது. இதை ‘டிஸ்சார்ஜ்’ என்று எல்லோரும் சொல்கிறோம். ‘டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது’ என்றால் நோய் தீர்ந்துவிட்டது என்று நம்மவர் பொருள் கொள்கின்றனர். உண்மையில் அதன் பொருள் வேறு. நேற்றுவரை மருத்துவரும் செவிலியரும் பார்த்துக்கொண்டிருந்த பொறுப்பு இன்று மாலை முதல் வீட்டாரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பதே பொருள். நிலத்தை ஒருவர் பெயரிலிருந்து மற்றொருவர் பெயருக்கு மாற்றும்போது பத்திரத்தைப் படித்துப் பாராமல் நாம் கையொப்பமிடுவதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட இந்த ஒப்படைப்பில் மட்டும் காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதை ஏன் அறிந்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். பதவிக் காலம் வரும், போகும்; ஆனால் ஊரார் இரவு பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டி, “அண்ணே, இந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்” என்று கேட்பது நிற்பதில்லை. அப்பொழுது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தின் நிலை

திருவள்ளூர் மாவட்டம் 1997 ஜனவரி 1ஆம் நாள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் அதனுடன் இணைந்த மருத்துவமனையும் உள்ளன. 2022 ஜனவரி 12ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒருசேரத் திறந்துவைக்கப்பட்ட பதினொரு புதிய கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு.

ஆயினும் கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மக்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு நேர் இரயில் பாதை இல்லை. பெரியபாளையம் வழியாகச் சாலைப் பயணமே செய்ய வேண்டும். சென்னைக்கோ கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் வழியாக மின்சார இரயில் ஓடுகிறது. ஆகவே ஆரம்பாக்கத்திலோ எளாவூரிலோ ஒருவருக்குப் பெரிய நோய் வந்தால் அவர் வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கே மிகுதியும் செல்கிறார். பழங்காலத்தவர் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று இன்றும் சொல்வதுண்டு. சிலர் சென்ட்ரல் நிலையத்தின் எதிரிலுள்ள இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குச் செல்கின்றனர்.

இதன் விளைவைக் கவனியுங்கள். சீட்டில் ஒரு முத்திரை விடுபட்டுப்போனால், பெயரில் ஓர் எழுத்துப் பிழையானால், அதைத் திருத்த மீண்டும் ஒரு முறை சென்னை செல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போகும். அங்கே சென்றபின் அந்த மருத்துவர் வேறு பணி நேரத்தில் இருப்பார். மறுநாள் வரச் சொல்வார்கள். மருத்துவமனை வாசலைத் தாண்டுமுன் அரைமணி நேரம் செலவிட்டுச் சரிபார்த்துக்கொண்டால் இவ்வளவும் மிச்சம்.

அந்தக் காலையில் நடப்பது

வழக்கமாகக் காலையில் பெரிய டாக்டர் வார்டைச் சுற்றிவரும்பொழுது, “இவர் வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்வார். நோயாளியின் மகன் உடனே பையைக் கட்டத் தொடங்கிவிடுகிறான். பன்னிரண்டு மணியாகியும் சீட்டு வராவிட்டால் செவிலியரிடம் சினந்துகொள்கிறான். இந்தச் சினத்தினால் பயனில்லை. வாயால் சொன்ன உத்தரவு முதலில் நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும். பிறகு பயிற்சி மருத்துவரோ உதவி மருத்துவரோ அந்தக் கேஸ் ஷீட்டை முதலிலிருந்து பார்த்து, நோய் என்ன, செய்த சோதனைகள் எவை, அறுவைச் சிகிச்சை நடந்ததா, கொடுத்த மருந்துகள் யாவை, வீட்டில் உண்ண வேண்டியவை யாவை என்பவற்றைச் சுருக்கி எழுத வேண்டும். பொறுப்பு மருத்துவர் அதில் கையொப்பமிட வேண்டும். கையில் ஏற்றிய ஊசிக்குழலைச் செவிலியர் எடுக்க வேண்டும். மருந்தகத்திலிருந்து மாத்திரைகள் வர வேண்டும். வார்டுப் பதிவேட்டில் பதிவு நடக்க வேண்டும். நாற்பது படுக்கை உள்ள வார்டில் ஒரே நாளில் பத்துப் பேர் வீடு திரும்புவதாயின் பத்துச் சுருக்கங்கள் எழுதப்பட வேண்டுமன்றோ?

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். கேஸ் ஷீட் மருத்துவமனையின் உடைமை. அது பதிவறைக்குச் சென்றுவிடும். நம் கைக்கு வருவது விடுவிப்புச் சுருக்கம். ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ என்று வழங்குவது இதுவே. உள்நோயாளி எண், அதாவது ‘ஐ.பி. எண்’, இந்தச் சுருக்கத்தின் தலைப்பில் இருக்கும். நாளைக்கு எந்தப் பதிவைத் தேடிப் போனாலும் அந்த எண்தான் சாவி. அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுதல் நன்று. காகிதம் மழையில் நனையும், கரையான் தின்னும்.

மேலும் விவரம் தேவைப்பட்டால் கேட்டுப் பெறவும் வழியுண்டு. உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் கூறுகின்றன. கேட்பதை எழுத்தில் கேட்க வேண்டும். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். பஞ்சாயத்து அலுவலகத்திற்கு மனு எழுதிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சீட்டைப் படிக்கும் முறை

விடுவிப்புச் சுருக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இது ஒரு குறையே. ஆனால் குறையென்று சொல்லிக்கொண்டு பார்க்காமல் இருக்க முடியாது. பள்ளி இறுதி வகுப்புப் படித்த பையனோ பெண்ணோ இல்லாத தெரு இன்று இல்லை. அவர்கள் உதவியால் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

பெயரும் வயதும் ஆதார் அட்டையில் உள்ளபடி இருக்கின்றனவா என்பது முதலாவது. நம் எல்லைப்புறக் கிராமங்களில் தெலுங்கு பேசுவோர் பலர். அவர்தம் பெயரையும் தந்தை பெயரையும் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்பொழுது மூன்று விதமாக மாறிவிடுகிறது. ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். பெயர் மாறினால் காப்பீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

அடுத்தது மருந்துப் பட்டியல். மாத்திரைப் பெயரை அடுத்து 1-0-1 என்று எழுதியிருந்தால் காலை ஒன்று, பகலில் இல்லை, இரவு ஒன்று என்று பொருள். 1-1-1 என்றால் மூன்று வேளையும். சிலர் எழுத்தால் குறிப்பர்: ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு வேளை; பி.டி. என்றால் இரு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்தக் கடைசிக் குறிப்பை அறியாமல் வலி மாத்திரையை மூன்று வேளையும் விழுங்கி வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்பவர் உண்டு. எத்தனை நாளைக்கு என்பதும் எழுதப்பட்டிருக்கும். ஐந்து நாள் மருந்து ஐந்து நாளுக்குத்தான். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மருந்துகளோ தீர்ந்தவுடன் மறுபடி வாங்கித் தொடர வேண்டியவை. இரண்டையும் மாற்றிக்கொள்வது நம் ஊர்களில் நாள்தோறும் நடக்கும் தவறு.

மூன்றாவது, மீண்டும் வர வேண்டிய நாள். நான்காவது, என்ன நேர்ந்தால் நாள் பார்க்காமல் உடனே வர வேண்டும் என்பது. இது சில சுருக்கங்களில் எழுதப்படுவதே இல்லை. ஆதலின் வாயால் கேட்க வேண்டும். “அம்மா, எது நடந்தால் நாங்கள் ஓடிவர வேண்டும்?” என்று செவிலியரைக் கேட்டால் அவர் சொல்லாமல் இருக்கமாட்டார். உதாரணமாக, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை அன்றே அனுப்பிவிட்டார்கள் என்று கொள்வோம். அவர் வீட்டில் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தாலும், எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடந்தாலும், கை கால் ஒரு பக்கம் சோர்ந்தாலும் உடனே திரும்பக் கொண்டுபோக வேண்டும். ‘களைப்பு, தூங்கட்டும்’ என்று விடுதல் கூடாது.

சொல்லாமல் வெளியேறுதல்

மருத்துவமனைப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் எவ்வாறு சென்றார் என்பது குறிக்கப்படுகிறது. குணமடைந்து சென்றார், மேல் சிகிச்சைக்கு வேறிடம் அனுப்பப்பட்டார், வேண்டுகோளின்பேரில் சென்றார், மருத்துவர் ஆலோசனைக்கு மாறாகச் சென்றார், சொல்லாமல் போய்விட்டார் என்று அது பலவகை. இதில் கடைசி இரண்டும் நம் கிராமங்களுக்கு மிகுந்த கேடு விளைவிப்பவை.

பூச்சி மருந்து உடலில் சேர்ந்தவர் நிலையை எடுத்துக்கொள்வோம். நெல்லுக்கு மருந்து அடித்தவர் காற்றுக்கு எதிரே நின்று தெளித்துவிட்டார். அல்லது மனக் கசப்பில் ஒருவர் குடித்துவிட்டார். எப்படியாயினும் மருத்துவமனையில் ஊசி போட்டுக் குழாய் வைத்துக் காப்பாற்றுகின்றனர். மறுநாள் நோயாளி கண் விழித்து, எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்கிறார். உறவினருக்கு ஒரே மகிழ்ச்சி. ‘பிழைத்துக்கொண்டான், இனி இங்கே எதற்கு?’ என்று கையொப்பமிட்டோ, சொல்லாமலோ அழைத்துவந்துவிடுகின்றனர்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சி மருந்துகள் உடலில் புகுந்தால் முதல் நாள் துன்பம் தணிந்த பிறகு, 24 மணி முதல் 96 மணி நேரத்திற்குள் இரண்டாவது ஆபத்து ஒன்று வரக்கூடும். கழுத்துத் தசை சோர்ந்து தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமற் போகும். பின்பு மூச்சு விடும் தசையும் சோர்ந்துவிடும். இலங்கையில் இத்தகைய பத்து நோயாளிகளைக் கவனித்து 1987இல் இதனை மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தவர்கள் சேனாநாயக்க, கரல்லியத்த என்னும் இரு மருத்துவர்கள். மருத்துவமனையில் இருந்தால் மூச்சுக் கருவியில் வைத்து இந்த நாட்களைக் கடத்திவிடலாம். கிராமத்து வீட்டில், நள்ளிரவில் மூச்சுத் திணறினால் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவருவதற்குள் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் நோயாளியை ஏன் இன்னும் இரண்டு நாள் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இதுதான்.

உறவினர் அவசரப்படுவதற்குச் செலவு மட்டும் காரணமன்று. அரசு மருத்துவமனையில் செலவும் அதிகமில்லை. உண்மைக் காரணம் போலீசார் வந்து விசாரிப்பார்களே, வழக்குப் போடுவார்களே என்ற அச்சம். இந்த அச்சத்தைப் போக்குவது பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யக்கூடிய பெரும் உதவி. விஷம், விபத்து, அடிதடி ஆகியவற்றில் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எழுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது வழக்கமான நடைமுறை; அது குற்றம் சுமத்துவதாகாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கலாகாது என்று விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ செய்யும் முயற்சி மட்டுமே அதில் குற்றம். எனவே உயிர் பிழைத்தவரைச் சிறைக்கு அனுப்புவார்கள் என்று பயந்து ஓட வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது மனநல மருத்துவரின் உதவி. அதையும் அதே மருத்துவமனையில் கேட்டுப் பெற்ற பிறகே அழைத்துவர வேண்டும். சிகிச்சைதான் முதல், சட்ட நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்புக் கூறியிருக்கிறது.

பாம்புக் கடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இரத்தம் உறையாமை சரியான பின்னும் சிறுநீரகம் கெடக்கூடும். வீடு திரும்பியவருக்குச் சிறுநீர் குறைந்தாலோ முகம் வீங்கினாலோ அது மந்திரிக்க வேண்டிய காரியமன்று. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக் கடி கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது.

வேறு வழியே இல்லாமல் முன்கூட்டி அழைத்துச் செல்ல நேரிட்டால் சொல்லிவிட்டுச் செல்வது மேல். சொல்லாமல் போனவருக்குச் சீட்டும் இல்லை, மருந்தும் இல்லை. ஆலோசனைக்கு மாறாகச் செல்வதாகக் கையொப்பமிட்டவரும், அதுவரை நடந்த சிகிச்சையின் சுருக்கத்தைக் கேட்டு வாங்கலாம்; மீண்டும் வந்து சேரவும் தயங்க வேண்டியதில்லை.

தொழிற்பேட்டையில் காயமுற்றவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும், பிறகு வந்த தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையும் நம் குடும்பங்களின் வாழ்க்கையை மாற்றிவிட்டன. தகப்பனார் ஏர் பிடித்தார். மகன் இரும்பு உருக்கும் ஆலையில் இரவு வேலை பார்க்கிறான். அவன் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவன்.

இவனுக்கு இயந்திரத்தில் விரல் நசுங்கினால் என்ன நடக்கிறது? ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் அருகிலுள்ள ஒரு சிறு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டு, பணத்தையும் கட்டி, மூன்றாம் நாள் வீட்டில் விட்டுவிடுகிறார். ‘நல்ல மனிதர், செலவெல்லாம் அவரே ஏற்றார்’ என்று வீட்டார் வாழ்த்துகின்றனர். சீட்டைப் பார்த்தால் ‘வீட்டில் வழுக்கி விழுந்ததாகக் கூறினார்’ என்று எழுதியிருக்கும்! எல்லோரும் இப்படியென்று சொல்லவில்லை. ஆனால் இவ்வாறு ஒரு வரி இருந்துவிட்டால் வேலைக் காயத்துக்குரிய உரிமை அத்தோடு சிக்கலாகிவிடுகிறது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து 1952இல் செயலுக்கு வந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தை, ஈ.எஸ்.ஐ. என்று யாவரும் அறிவோம். இதில் சேர்ந்தவர் நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாவிடில், உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், சராசரி நாட்கூலியில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கிறது. வேலையில் ஏற்பட்ட காயமானால் 90 விழுக்காடு, தற்காலிக இயலாமை நீடிக்கும் காலம் வரை கிடைக்கிறது. இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை; நேற்றுச் சேர்ந்தவனுக்கும் உண்டு. விபத்து நாள் நீங்கலாக மூன்று நாளுக்குக் குறையாமல் வேலைக்குச் செல்ல இயலாமலிருக்க வேண்டும் என்பதே விதி. எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சீட்டின் ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. ஆகவே ‘எங்கே, எப்பொழுது, எவ்வாறு காயம் நேர்ந்தது’ என்பதை நோயாளியே மருத்துவரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். உடன் வந்தவர் சொல்லும்படி விட்டுவிடக் கூடாது. விடுவிக்கப்பட்டதும் சுருக்கத்தை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்து மருத்துவரிடம் காட்டி ஓய்வுச் சான்றும், குணமானபின் இறுதிச் சான்றும் பெற வேண்டும். விபத்தறிக்கை அனுப்புவது முதலாளியின் கடமை.

சாலை விபத்தானால் வேறு வழி. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசமாக அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை அரசு 2021 டிசம்பர் 18இல் தொடங்கியது. வெளிமாநிலத்தவருக்கும், எந்தக் காப்பீட்டு அட்டையும் இல்லாதவருக்கும் இது பொருந்தும். 48 மணி முடியும் தறுவாயில் விழிப்பு வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டா, இங்கேயே தொடரலாமா, அரசு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டுமா என்பதை அதற்கு முன்பே கேட்டு முடிவு செய்துவிட வேண்டும். நோயாளியை மாற்றும்போது மாற்றுச் சீட்டு, ஸ்கேன் படம், கொடுத்த ஊசிகளின் குறிப்பு ஆகியவை கூடவே போக வேண்டும். நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் கொடுக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் சொல்கிறது. அந்த மனுவுக்கு விபத்துப் பதிவேட்டு நகலும், காயச் சான்றும், விடுவிப்புச் சுருக்கமும் அடிப்படை.

தாயும் சேயும்

பிரசவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிராம சுகாதாரச் செவிலியரின் உழைப்பால் நம் பெண்கள் இதில் ஆண்களைவிட விவரம் அறிந்தவர்கள். அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவரைத் தாய்-சேய் நலத் திட்டத்தின்படி வீடுவரை இலவசமாகக் கொண்டுவந்து விட வேண்டும். அழைப்பு எண் 102. சுகப் பிரசவமானாலும் 48 மணி நேரம் தங்கித்தான் வர வேண்டும். குழந்தைக்குப் போட்ட பி.சி.ஜி., மஞ்சட்காமாலை ஊசிகளும், போலியோ சொட்டு மருந்தும் அட்டையில் குறிக்கப்பட்டனவா என்று பார்க்க வேண்டும்.

மறந்துபோவது பிறப்புப் பதிவு. பிள்ளை எங்கே பிறந்ததோ அங்கேதான் பிறப்பு பதியப்படும். சுண்ணாம்புக்குளத்துப் பெண் ஸ்டான்லியில் பிள்ளை பெற்றால் பதிவு சென்னை மாநகராட்சியில். நம் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பயனில்லை. கர்ப்பப் பதிவு எண்ணும், தாய் தந்தையர் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்பதை விடுவிக்கும்போதே பார்த்துவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை. குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேரவும் பிறவற்றிற்கும் பிறப்புச் சான்றிதழே வயதுக்கும் பிறந்த இடத்துக்கும் ஆதாரம்.

பணம் கட்டாவிட்டால் பிடித்துவைக்கலாமா?

தனியார் மருத்துவமனைகளில் இந்தக் கேள்வி எழுகிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைச் சாசனம், கட்டணத் தகராறு போன்ற காரணங்களுக்காக நோயாளியை நிறுத்திவைக்கக் கூடாது என்றும், இறந்தவர் உடலைத் தர மறுக்கக் கூடாது என்றும் கூறுகிறது. பாக்கிப் பணத்தைச் சட்டப்படி வசூலிக்க மருத்துவமனைக்கு உரிமை உண்டு. மனிதரை ஈடாக வைத்துக்கொள்ள உரிமையில்லை. பேசப் போகிறவர்கள் கூட்டம் கூட்டிக் கண்ணாடியை உடைக்காமல், இரண்டு பேராகச் சென்று விவரப் பட்டியலுடன் கூடிய ரசீதைக் கேட்பது முறை. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் நடந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம். வெற்றுத் தாளில் எந்நிலையிலும் கையொப்பமிடலாகாது.

நோயாளி இறந்துவிடும் துயர நேரத்திலும் ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இறப்பின் காரணத்தைக் கூறும் மருத்துவச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கு மருத்துவமனை தர வேண்டும் என்பது 2023இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அரசு மருத்துவமனையிலிருந்து உடலை ஊருக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. இதை அறியாமல் வாடகை வண்டிக்குத் தாலியை அடகு வைத்தவர்கள் உண்டு.

ஊர் திரும்பிய பின்

வீடு வந்தவரின் சீட்டைக் கிராம சுகாதாரச் செவிலியர் பார்க்க வேண்டும். அவருக்குச் செய்தி சொல்ல வேண்டியது வீட்டார் கடமை. வீட்டார் மறந்தால் பக்கத்தில் உள்ளவர் கடமை. 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் மருந்துகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. படுத்த படுக்கையாய் உள்ளோருக்கு ஆதரவுச் சிகிச்சையும், பக்கவாதம் வந்தோருக்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. ஸ்டான்லியில் எழுதிய சர்க்கரை மருந்துக்காக மாதந்தோறும் இரயிலேறுகிறவர், அதே மருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீட்டைப் படித்துச் சொல்லும் அங்கத்தினர் அதில் கண்டதைத் தேநீர்க் கடையில் பேசலாகாது. காசநோய், மனநோய், எச்.ஐ.வி. போன்றவை வெளியே தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணின் திருமணம் நின்றுபோகும். வீட்டார் அடுத்த முறை யாரிடமும் சீட்டைக் காட்டமாட்டார்கள். எச்.ஐ.வி. பற்றிய செய்தியை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

உடன் ஆளில்லாமல் மருத்துவமனையில் கிடக்கும் வெளிமாநிலத் தொழிலாளியை விடுவிக்க நாள் வந்தால், அழைத்துச் செல்ல யாரும் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர் படுக்கையிலேயே காத்திருக்க நேரிடும். அவர் குடியிருந்த வாடகை வீடு நம் ஊராட்சியில் இருந்தால், அவர் ஊரிலிருந்து உறவினர் வரும்வரை பொறுப்பேற்க இருவர் முன்வரலாம். அவருடைய சுருக்கத்தை நகலெடுத்து ஒன்றை அவர் பையிலும், ஒன்றை உடன் வேலை செய்யும் ஒருவரிடமும் வைக்க வேண்டும். வழியில் நோய் மீண்டால் ஏறி இறங்கும் ஊர் மருத்துவர் படிக்கக்கூடியது அது ஒன்றே.

மருத்துவ ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் எந்நேரமும் கேட்கலாம். மன உளைச்சலில் உள்ளவர்களும் இதே எண்ணில் பேசலாம். 102, 104, 108, 155377 ஆகிய நான்கு எண்களையும் ஊராட்சி அலுவலகத்துச் சுவரில், நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பவர் கண்ணில் படும் உயரத்தில், வண்ணத்தில் எழுதிவைக்க ஒரு மாலைப்பொழுது போதும்.